போடிமெட்டு, மறையூர், சின்னார்: மூணாறு மலையில் சைக்கிள் பயணம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தேனி, கம்பம், உடுமலைப்பேட்டைப் பக்கமிருந்து இடுக்கி மலைக்குச் சைக்கிளில் ஏற வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. கியர் வைத்த ரோடு சைக்கிள், ஹைபிரிட், மூட்டை கட்டிக்கொண்டு போகும் டூரிங் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பதில்கள் பொருந்தும். காட்டுப் பாதையில் குதித்து ஓட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு இங்கே ஒன்றும் இல்லை. ஏன் என்பது இரண்டாவது பதிலில் வருகிறது.

இருக்கிற வழிகளிலேயே கடினமானது எது?

ஏற்றத்தை மட்டும் பார்த்தால் போடிமெட்டு. போடிநாயக்கனூர் 350 மீட்டர் உயரத்தை ஒட்டி இருக்கிறது, மெட்டு 1,400 மீட்டரை ஒட்டி. முந்தல் தாண்டி மலை தொடங்கினால் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் முடித்துவிட்டுத்தான் மூச்சு விட முடியும். நடுவில் சமதளம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஆனாலும் அது நியாயமான ஏற்றம். சாலை அகலம், சரிவு ஒரே சீர், கால் ஒரு தாளத்துக்கு வந்துவிட்டால் அப்படியே போய்க்கொண்டிருக்கலாம்.

என்னைக் கேட்டால் உடுமலை–மறையூர் சாலைதான் கடினம் என்பேன். அங்கே ஏற்றம் குறைவு. உடுமலையிலிருந்து மறையூர் வரை சுமார் 45 கிலோமீட்டர், ஏறுவது அறுநூறு எழுநூறு மீட்டர். ஆனால் பாதி வழி காடு. ஆனைமலை புலிகள் காப்பகம் முடிந்த இடத்தில் சின்னார் வனவிலங்கு சரணாலயம் தொடங்கிவிடும். இரு மாநிலத்துக்கும் ஆளுக்கொரு செக்போஸ்ட். காலையில் திறந்த பிறகுதான் உள்ளே போக முடியும், மாலைக்குள் வெளியே வந்தாக வேண்டும், நடுவில் உட்கார்ந்து இளைப்பாறக் கூடாது. வெயிலோ கொளுத்தும். மலையில் களைத்தால் இறங்கி நிற்கலாம். இங்கே நிற்பதற்கே யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பக்கத்து வழிகள் எல்லாவற்றிலும் கால் பலத்தை விட நேரக் கணக்குத்தான் ஆளைச் சோதிக்கும்.

சரணாலயத்துக்குள் சைக்கிளில் போக அனுமதிச் சீட்டு வாங்க வேண்டுமா?

பொதுச் சாலையோடு போனால் வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் யார் யார் நுழையலாம் என்று சொல்கிறது. பொது நெடுஞ்சாலை வழியாகக் கடந்து போகிறவர்களை அந்தப் பிரிவே விட்டுவிடுகிறது. நீங்களும் உடுமலை–மூணாறு பேருந்தில் உட்கார்ந்திருப்பவரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றுதான்.

ஆனால் அந்த விலக்கு தார் இருக்கும் அகலத்துக்குத்தான். தாரை விட்டு நாலடி உள்ளே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாலும் அத்துமீறி நுழைந்தவர் ஆகிவிடுவீர்கள். 'அந்தப் பாறை வரைக்கும்தானே, ஒரு போட்டோ எடுத்துட்டு வந்துடறேன்' என்பதெல்லாம் வனத்துறை வாட்சரிடம் எடுபடாது. உள்ளே 'குடி' எனப்படும் பழங்குடி ஊர்களில் இருக்கும் முதுவர், மலைப்புலையர் மக்கள் ஒற்றையடிப் பாதைகளில் நடக்கிறார்களே என்று கேட்பவர்கள் உண்டு. அது அவர்கள் ஊர், அவர்கள் வழி.

செக்போஸ்டில் வண்டி எண் எழுதுவார்கள். சைக்கிளுக்கு எண் கிடையாது என்பதால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று வாட்சர் பேனாவை வைத்துக்கொண்டு ஒரு நொடி யோசிப்பார். பெயர், ஊர், போன் எண், எத்தனை பேர் என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அந்த வரி உங்கள் நல்லதுக்குத்தான். மறுபக்கம் வந்து சேராவிட்டால் தேட ஆள் வருவார்கள்.

செக்போஸ்ட் எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும்?

காலை ஆறு, மாலை ஆறு என்று பொதுவாகச் சொல்வார்கள். அதை நம்பி ஐந்தே முக்காலுக்குப் போய் நிற்காதீர்கள். இரு சக்கர வாகனங்களுக்கு இன்னும் முன்னதாகவே அடைத்துவிடுவது உண்டு. யானை நடமாட்டம், காட்டுத் தீ, மழை என்று ஏதாவது வந்தால் நேரம் மாறும். முந்தின நாள் உடுமலையிலோ மறையூரிலோ தங்கும் இடத்தில் கேட்டுக்கொள்வதுதான் உத்தி. பஸ் ஸ்டாண்டில் டிரைவர், கண்டக்டரைக் கேட்டால் இன்னும் துல்லியமாகச் சொல்வார்கள்.

தமிழ்நாட்டுப் பக்கம் ஒன்பதாறு செக்போஸ்ட், கேரளப் பக்கம் சின்னார் செக்போஸ்ட். ஒன்றில் விட்டார்கள் என்பதற்காக இன்னொன்றில் விட்டாக வேண்டும் என்று இல்லை. நான் சொல்லும் கணக்கு இதுதான்: எந்தத் திசையில் வந்தாலும் பிற்பகல் இரண்டு மணிக்குள் காட்டைத் தாண்டிவிட வேண்டும். பஞ்சர் ஒட்ட, செயின் மாட்ட, யானை விலகும் வரை நிற்க என்று மிச்சமிருக்கும் நேரம்தான் உங்கள் காப்பீடு.

எந்தத் திசையில் போவது நல்லது?

போடியில் ஏறி உடுமலையில் இறங்குங்கள். பெரிய ஏற்றம் முதல் நாளே புதுக் காலோடு முடிந்துவிடும். சின்னார் காட்டை மறையூரிலிருந்து இறக்கமாகக் கடப்பீர்கள். ஏறும்போது இரண்டு மணி நேரம் பிடிக்கும் காட்டு வழி, இறங்கும்போது முக்கால் மணி, ஒரு மணியில் முடிந்துவிடும். காட்டுக்குள் இருக்கும் நேரம் குறையக் குறைய எல்லாருக்கும் நிம்மதி, யானைக்கும் சேர்த்து.

எதிர்த் திசையில் வருகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மறையூருக்கு மேலே தலையாறு, வாகுவரை தேயிலைத் தோட்டங்கள் வழியாக ஏறும்போது ஆனைமுடிப் பக்கத்து மலைச் சுவர் பக்கவாட்டிலேயே கூட வரும். 2,695 மீட்டர், தென்னிந்தியாவிலேயே உயரமான சிகரம். இறங்கும்போது அதைப் பார்க்கக் கூடாது, சாலையைத்தான் பார்க்க வேண்டும்.

எத்தனை நாள் வேண்டும்?

நிதானமாகப் போனால் மூன்று நாள். போடி–மூணாறு 68 கிலோமீட்டர், மூணாறு–மறையூர் 40, மறையூர்–உடுமலை 45. இதை இரண்டு நாளில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே நாளில் முடிப்பதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்தப் பதில்கள் தேவைப்படாது.

முதல் நாள் கணக்கில் ஏமாறாதீர்கள். போடிமெட்டு ஏறிவிட்டோம், இனி இறக்கம்தான் என்று நினைப்போம். பூப்பாறை வரை அப்படித்தான் இருக்கும், ஏலத் தோட்ட நிழலில் சுகமாக இறங்கும். பூப்பாறையில் டீ குடித்துவிட்டு எழுந்தால் அடுத்த ஏற்றம் ஆரம்பம். ஆனையிறங்கல் அணை, பெரியகானல், கேப் ரோடு, தேவிகுளம் என்று மெட்டை விட உயரமான இடத்துக்கு மறுபடி ஏறுவீர்கள். போடியில் வெயிலில் கிளம்பி, மாலையில் கேப் ரோட்டில் மூடுபனிக்குள் பல் கிட்டிக்க நுழைவது இங்கே சாதாரணம். மாற்றிக்கொள்ள ஒரு கம்பளிச் சட்டை, காற்று புகாத ஒரு மேலங்கி கட்டாயம் வேண்டும்.

சின்னக்கானல், ஆனையிறங்கல் பகுதி காட்டு யானைகள் குறுக்கே போய்வரும் இடம். 2023 ஏப்ரலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியார் காட்டில் கொண்டு போய் விட்டார்களே அரிக்கொம்பன், அதன் ஊர் இதுதான். அது அங்கிருந்து கம்பத்துக்குள் இறங்கி, பிறகு தமிழ்நாட்டு வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்கு அனுப்பிய கதை தெரிந்திருக்கும். ஒரு யானை போனதால் வழி காலியாகிவிடவில்லை. மற்றவை அங்கேதான் இருக்கின்றன. இருட்டுவதற்குள் தேவிகுளம் போய்விட வேண்டும்.

போடிமெட்டில் விடியற்காலையிலேயே கிளம்பிவிடலாமா?

வெயிலுக்கு முன்னால் ஏறிவிடலாம் என்ற எண்ணம் சரிதான். ஆனால் ஜீப்புகள் இருக்கின்றன. போடி, தேவாரம், கம்பம் பக்கத்திலிருந்து ஏலத் தோட்ட வேலைக்குப் போகும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, விடியும்போதே ஜீப்புகள் வரிசையாக மலையேறும். அவர்களுக்கும் தோட்டத்தில் நேரக் கணக்கு உண்டு. பின்னால் ஒரு ஜீப் சத்தம் கேட்டால் இன்னும் நாலு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அதே கூட்டம் அதைவிட வேகமாக இறங்கும்.

அதனால் ஒன்று, அந்த முதல் அலை போன பிறகு ஏழு, ஏழரைக்கு முந்தலில் ஏற்றத்தைத் தொடங்குங்கள். இல்லையென்றால் பின்னால் சிவப்பு விளக்கு எரிய, மேலே பளிச்சென்று தெரியும் உடுப்போடு போங்கள். கொண்டை ஊசி வளைவில் பேருந்துக்கு முழு அகலமும் தேவைப்படும். மேலிருந்து ஹாரன் கேட்டால் வளைவுக்குள் நுழையாமல் கீழேயே ஓரமாக நின்றுவிடுங்கள். வளைவின் உள்பக்கத்தில் ஒண்டி நிற்பதுதான் ஆபத்து. பேருந்தின் பின் சக்கரம் அங்கேதான் வரும்.

கம்பம்மெட்டு, குமுளி வழிகள் எப்படி?

குமுளி மலைப் பாதை சின்னது. லோயர் கேம்ப் தாண்டி ஆறேழு கிலோமீட்டர் ஏறினால் எல்லை வந்துவிடும், மேலே பெரியார் புலிகள் காப்பகத்தின் வாசல். கம்பம்மெட்டு அதைவிடச் செங்குத்து, போக்குவரத்தும் குறைவு. மலை ஓட்டிப் பழக நினைப்பவர்கள் போடிமெட்டுக்குப் போகும் முன் கம்பம்மெட்டில் ஒரு தடவை காலைச் சோதித்துப் பார்க்கலாம்.

கார்த்திகை பிறந்து தை வரை சபரிமலைக் கூட்டம் இருக்கும். அப்போது போலீஸ் ஒரு வழிப் பாதையாக்கிவிடுவார்கள். பெரும்பாலும் கம்பம்மெட்டில் ஏற்றி, குமுளியில் இறக்குவார்கள். சைக்கிள்தானே என்று எதிரே போகாதீர்கள். அந்த இரண்டு மாதமும் அந்தப் பக்கத்தைத் தவிர்ப்பதே மேல். தூக்கம் கெட்ட டிரைவர்கள் நிறைய.

மூணாறிலிருந்து கொடைக்கானலுக்கு ஒரு பழைய சாலை இருக்கிறதாமே?

இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போட்டால் தப்பிக்க வழி வேண்டும் என்று வெள்ளைக்காரர்கள் சீர்படுத்திய பாதை. டாப் ஸ்டேஷன், வந்தரவு, பேரிஜம் வழியாக எண்பது கிலோமீட்டர் அளவுக்குப் போகும். வந்தரவில் 2,400 மீட்டரைத் தாண்டும். 1990 வாக்கில் அடைத்துவிட்டார்கள். இன்றைக்கு அது காட்டுக்குள் மூடிக் கிடக்கும் தடம். பழைய வரைபடத்திலும் சில செயலிகளிலும் கோடு தெரிவதை வைத்துக்கொண்டு வருடா வருடம் யாராவது ஒருவர் கிளம்பி வருகிறார்.

போக முடியாது. அனுமதியும் கிடைக்காது. 'எப்படியாவது' என்று கேட்பவர்களுக்குக் குரங்கணியை நினைவுபடுத்துவேன். 2018 மார்ச் 11-ஆம் தேதி, இதே மலைத் தொடரின் கீழ்ச் சரிவில் மலையேற வந்த இளைஞர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள், இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கோடையில் அந்தப் புல்வெளி பற்றிக்கொண்டால் சைக்கிள் வேகம் போதாது.

சரி, டாப் ஸ்டேஷன் வரையாவது போகலாமா?

தாராளமாக. மூணாறிலிருந்து மாட்டுப்பெட்டி, குண்டளை, எல்லப்பட்டி வழியாக 32 கிலோமீட்டர். நாள் முழுக்க ஓட்டக்கூடிய அருமையான வழி. ஒரு காலத்தில் குண்டளைப் பள்ளத்தாக்கில் சின்ன ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகள் அதில் டாப் ஸ்டேஷன் வந்து, கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்குப் போயின. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போனது, பிறகு போடவே இல்லை. நீங்கள் முந்தின நாள் மூச்சுத் திணறி ஏறிய உயரத்தைத் தேயிலை அப்படித்தான் இறங்கியது.

காட்சி முனை இருப்பது தமிழ்நாட்டு எல்லைக்குள், தேனி மாவட்டம். அதற்கப்பால் வட்டவடைக்குப் போக வேண்டுமென்றால் பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவைக் கடக்க வேண்டும். கேரளத்திலேயே சின்ன தேசியப் பூங்கா, ஒன்றரைச் சதுர கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் கேட் இருக்கிறது, கேட்டுக்கு நேரமும் இருக்கிறது. பூங்காவுக்குள் நிற்காமல் போங்கள். அந்தச் சோலை நிழலில் காட்டெருமை நிற்பது பக்கத்தில் போகும் வரை தெரியாது. வட்டவடையில் காரட், முட்டைக்கோஸ், பூண்டு விளையும் படிக்கட்டு வயல்கள். ஊரே தமிழ் பேசும். இறங்கிப் போன வழியிலேயே ஏறித்தான் திரும்ப வேண்டும், அதற்குக் காலில் மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

பரம்பிக்குளம், கவி, இரவிகுளம்?

மூன்றும் சைக்கிளுக்கு இல்லை. பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டில் புகுந்துதான் போக வேண்டும், இரு சக்கர வண்டியை விட மாட்டார்கள். கவி வழியில் கார்களுக்கே நாளுக்கு இத்தனை என்று கட்டுப்பாடு. இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பார்க்க வேண்டுமானால் சைக்கிளைக் கீழே விட்டுவிட்டு வனத்துறை வண்டியில் ராஜமலைக்குப் போகலாம். குட்டி போடும் காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில், அதையும் மூடிவிடுவார்கள்.

யானை எதிரே நின்றால் என்ன செய்ய வேண்டும்?

முதலில் சைக்கிளின் குணத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அதற்குச் சத்தம் இல்லை. லாரி வருவது யானைக்கு அரை கிலோமீட்டருக்கு முன்பே தெரியும், ஒதுங்கிக்கொள்ளும். நீங்கள் இறக்கத்தில் முப்பது நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வளைவைத் திரும்பும்போது யானைக்கும் உங்களுக்கும் ஒரே நேரத்தில்தான் தெரியும். திடுக்கிட்ட யானை என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் காட்டு வளைவுகளில் வேகத்தைக் குறையுங்கள், மணி அடியுங்கள், இரண்டு பேராகப் போனால் சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள். காதில் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். கிளை ஒடிகிற சத்தம்தான் உங்களுக்குக் கிடைக்கும் ஒரே முன்னறிவிப்பு.

சாலையில் சாணி கிடந்தால் கவனியுங்கள். மேல்தோல் காய்ந்து வெளுத்திருந்தால் நேற்றையது. ஈரம் பளபளத்து, காலைக் குளிரில் லேசாக ஆவி பறந்தால் அது சற்று முன்னால் போன ஆள். பக்கத்தில் மூங்கிலோ மரக்கிளையோ ஒடிந்து, ஒடிந்த இடம் பச்சையாக இருந்தால் இன்னும் பக்கத்திலேயே மேய்கிறது. இதைப் பார்த்துவிட்டால் முன்னே போகாதீர்கள். பேருந்தோ லாரியோ வரும் வரை நின்று, அதன் பின்னாலேயே போங்கள். சொன்னால் டிரைவர்கள் மெதுவாக ஓட்டிக் கூட்டிப் போவார்கள். இந்த வழி டிரைவர்களுக்கு இது புதிதல்ல.

யானை கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் நில்லுங்கள். வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். போன் எடுக்க வேண்டாம், கத்த வேண்டாம், பெல்லையும் இப்போது அடிக்க வேண்டாம். நூறு மீட்டராவது இடைவெளி இருக்கட்டும். குட்டியோடு இருந்தால் இரண்டு மடங்கு. பக்கவாட்டில் புகுந்து தாண்டிவிடலாம் என்ற எண்ணம்தான் ஆளைக் கொல்லும். துரத்தினால் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடுங்கள். ஏற்றத்தில் யானையைச் சைக்கிளில் முந்த எவராலும் முடியாது. விழுந்து கிடக்கும் சைக்கிளையும் பையையும் யானை நின்று பார்க்கும் சில நொடிகள் உங்களுக்குக் கிடைக்கலாம்.

மூணாறு டவுனுக்குள்ளேயே உலவும் படையப்பா என்ற கொம்பனைப் பற்றிக் கேட்பார்கள். பெயர் வைத்துக் கூப்பிடுகிறோம் என்பதால் அது வளர்ப்பு யானை ஆகிவிடாது.

மற்ற விலங்குகள்?

காட்டெருமை அமைதியாக நிற்கும், ஆனால் வழி விடுவதற்கு அது யாருக்கும் கடன்படவில்லை. காத்திருங்கள். குரங்குகள் ஹேண்டில் பையில் இருக்கும் வாழைப்பழத்தை ஜிப் திறந்து எடுத்துவிடும். மழைக்காலத்தில் சோலை ஓரங்களில் அட்டை, உப்புப் பொட்டலம் ஒன்று போதும். சின்னாரில் அதிர்ஷ்டம் இருந்தால் ஆற்றோர மரங்களில் நரை அணில் தெரியும். கேரளத்தில் அது இருக்கும் இடங்கள் மிகக் குறைவு. நட்சத்திர ஆமை சாலையைக் கடந்தால் கையில் எடுக்காதீர்கள், கடந்து போகட்டும்.

எந்த மாதம் வர வேண்டும்?

டிசம்பர் கடைசி முதல் பிப்ரவரி நடு வரை. ஜனவரியில் மூணாறில் விடியற்காலை சில நாள் வெப்பநிலை சுழி டிகிரியை ஒட்டிப் போகும், புல்லில் உறைபனி படியும், கையுறை இல்லாமல் பிரேக் பிடிக்க விரல் மடங்காது. ஆனால் பகல் தெளிவாக இருக்கும். செப்டம்பர் கடைசியும் நன்றாகத்தான் இருக்கும், மழை விட்டால்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வேண்டாம். மலை வழுக்கும் என்பது சின்ன விஷயம். மண் சரியும். கேப் ரோட்டில் 2019-லும் 2020-லும் மலையே இறங்கி வந்து சாலை அடைபட்டுக் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் (வரிசை வீடுகள்) மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள். எல்லாரும் நம் ஆட்கள், தமிழ்க் குடும்பங்கள். அந்த மாதங்களில் இங்கே இருக்கிறவர்களே மேலே பார்த்துக்கொண்டுதான் தூங்குகிறார்கள். அப்போது சாகசத்துக்கு வருவது எனக்குப் பிடிப்பதில்லை.

இதற்கு நேர்மாறாகச் சின்னார் மழைமறைவுப் பகுதி. மூணாறில் மூவாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் வருடத்தில், மலைக்கு அந்தப் பக்கம் சின்னாரில் ஐந்நூறு சொச்சம்தான். முள்காடு. ஒரே நாளில் ஸ்வெட்டர் போட்டுக் கிளம்பி, மதியம் நாக்கு வறண்டு நிற்பீர்கள். அங்கே ஓடும் சின்னாறும் பாம்பாறும் சேர்ந்து அமராவதிக்குத்தான் வருகின்றன. கேரளத்தில் கிழக்கே ஓடும் ஆறுகள் மூன்றில் பாம்பாறு ஒன்று.

குறிஞ்சி பார்க்க வர வேண்டுமென்றால் 2030. 2018-ல் பூத்தது, பன்னிரண்டு வருடக் கணக்கு.

எப்படிப்பட்ட கியர் வேண்டும்? சாதாரண சைக்கிளில் முடியாதா?

மூட்டையோடு ஏறுவதென்றால் முன் பல்சக்கரம் 30 பல், பின்னால் பெரியது 34 பல் இருந்தால் போதும். முட்டி தப்பிக்கும். ரேஸ் சைக்கிளில் வரும் பெரிய முன் பல்சக்கரத்தோடு வந்தால் பத்தாவது கொண்டை ஊசியில் தள்ளிக்கொண்டு நடப்பீர்கள். நடப்பதில் அவமானம் ஒன்றுமில்லை, நேரம்தான் போகும். ஒற்றைக் கியர் சைக்கிளில் போடிமெட்டு ஏறலாம், பாதி வழி கூட நடக்கத் தயாராக இருந்தால்.

டயர் 32 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும்.

இறக்கத்தில் கவனிக்க வேண்டியது?

பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே இறங்காதீர்கள். ரிம் பிரேக் என்றால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும், டிஸ்க் என்றால் பேட் எரிந்து பிடிமானம் போகும். வளைவுக்கு முன்னால் அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு, வளைவுக்குப் பின் மறுபடி பிடியுங்கள். ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒருமுறை பாதுகாப்பான இடத்தில் நின்று ரிம் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள். தொட முடியாத சூடு என்றால் பத்து நிமிடம் இருங்கள்.

பேட் புதிதாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். மூணாறில் மோட்டார் சைக்கிளுக்கு எல்லாம் கிடைக்கும். கியர் சைக்கிள் சாமான் கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். இரண்டு டியூப், ஒட்டுச் சாமான், செயின் இணைப்பு, உங்கள் சைக்கிளுக்குச் சேரும் இரண்டு ஸ்போக், இவை பையில் இருக்க வேண்டும்.

சாப்பாடு, தண்ணீர்?

மேலே கவலை இல்லை. பூப்பாறை, தேவிகுளம், மூணாறு, மறையூர் எல்லா ஊரிலும் புரோட்டா, சோறு, கட்டன் சாயா, பழம்பொரி கிடைக்கும். ஏற்றத்துக்கு நேந்திரம் பழத்தை அடிக்க ஒன்றும் இல்லை. மறையூரில் உருண்டை வெல்லம் வாங்கிக்கொள்ளுங்கள். 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது, கரும்பாலையில் சூடாகவே கொடுப்பார்கள். சட்டைப் பையில் ஒரு உருண்டை இருந்தால் கடலை மிட்டாயோடு சேர்த்துக் காடு தாண்டிவிடலாம்.

மறையூர் தாண்டினால் நிலைமை வேறு. செக்போஸ்ட் தவிர நின்று வாங்க இடமில்லை. மூன்று லிட்டர் தண்ணீர் கையில் இருக்க வேண்டும். காட்டுக்குள் உட்கார்ந்து பொட்டலம் பிரிக்காதீர்கள், தோலைக்கூட வெளியே எறியாதீர்கள்.

இன்னொன்று. மறையூர் சந்தனக் காட்டு வேலி ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு ஒதுங்கப் போகாதீர்கள். அங்கே காவல் எந்நேரமும் இருக்கும், நீங்கள் எதற்காக ஒதுங்கினீர்கள் என்பதை விளக்கிச் சொல்ல நேரம் பிடிக்கும்.

கூடாரம் அடிக்கலாமா?

காட்டில் கூடாது. தேயிலைத் தோட்டத்தில் கேட்காமல் கூடாது, கேட்டாலும் பெரும்பாலும் இல்லை என்பார்கள். புல்வெளி காலியாகத்தானே கிடக்கிறது என்று தோன்றும். அது தோட்டத்தின் நிலமாகவோ வனத்துறையின் நிலமாகவோதான் இருக்கும், ராத்திரி யானை நிலமாகவும் இருக்கும். மூணாறிலும் மறையூரிலும் சாதாரண லாட்ஜ்கள் இருக்கின்றன. சனி, ஞாயிறு, பூஜை விடுமுறை, கிறிஸ்துமஸ் வாரம் தவிர்த்தால் அறை கிடைக்கும்.

மலையாளம் தெரியாது, சமாளிக்க முடியுமா?

தேவிகுளம் தாலுகாவில் தமிழ் போதும். தோட்டங்களில் தமிழ்தான் பேச்சு. போலீஸ், வனத்துறை ஆட்களில் மலையாளிகள் இருப்பார்கள், 'சேட்டா' என்று ஆரம்பித்துத் தமிழில் தொடருங்கள், புரியும்.

தனியாகப் போகலாமா?

போடி–மூணாறு போகலாம். சின்னார் காட்டைத் தனியாகக் கடக்க வேண்டாம் என்பது என் கருத்து. துணை இல்லையென்றால் பேருந்து கிளம்பும் நேரத்தை ஒட்டிக் காட்டுக்குள் நுழையுங்கள், பின்னாலேயே ஒரு வண்டி வருகிறது என்ற தைரியம் இருக்கும். பல இடங்களில் போனில் சிக்னல் இருக்காது. எங்கே, எத்தனை மணிக்குக் காட்டுக்குள் போகிறீர்கள் என்பதை நுழைவதற்கு முன்பே வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள்.

சைக்கிளை எப்படிக் கொண்டு வருவது, எப்படித் திரும்புவது?

போடிக்கு 2023 ஜூனிலிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது. சென்னையிலிருந்தும் நேரடி ரயில் உண்டு, தினமும் இல்லை. மதுரை வரை வேறு ரயிலில் வந்து மாறுவதும் எளிது. சைக்கிளைக் கிளம்பும் நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் பதிந்து, பார்சல் பெட்டியில் ஏற்ற வேண்டும். பெடலைக் கழற்றி, ஹேண்டிலைத் திருப்பிக் கட்டிவிட்டால் தகராறு குறைவு. அட்டையில் பெயர், போன் எண், போகும் ஊர் எழுதி இரண்டு இடத்தில் கட்டுங்கள்.

உடுமலையில் ரயில் நிலையம் இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கும் நேரம் கொஞ்சம். பார்சல் ஏற்ற முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் பழனி வரை சமதளத்தில் ஒரு முப்பத்தைந்து கிலோமீட்டர், காலையில் ஓட்டிவிட்டு அங்கிருந்து ஏற்றலாம். பேருந்தில் ஏற்றுவது கண்டக்டர் மனசு. கூட்டமில்லாத பேருந்தில், முன் சக்கரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் லக்கேஜ் டிக்கெட் போட்டுக் கடைசி சீட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள். ஞாயிறு மாலை மட்டும் கேட்காதீர்கள்.